வாய், முக அறுவை மருத்துவத்தில் மீயொலி: பயன்பாடுகளும் எல்லைகளும்

ஆய்வுச்சுருக்கம்

மனிதச் செவிக்கு எட்டாத அதிர்வெண் கொண்ட ஒலியலைகள் வாய், முகம், தாடை ஆகியவற்றுக்கான அறுவை மருத்துவத்தில் நோயை அறியவும், எலும்பை அறுக்கவும், எலும்பு ஆறுவதைத் தூண்டவும் பயன்படுத்தப்படுகின்றன. இவையனைத்தும் ‘மீயொலி’ என்னும் ஒரே சொல்லால் வழங்கப்பட்டாலும், அதிர்வெண்ணிலும் செறிவிலும் திசுவின்மீது செயற்படும் முறையிலும் பெரிதும் வேறுபட்டவை; அவற்றுக்குள்ள சான்றுகளின் வலிமையும் ஒன்றுபோல் இல்லை. ஒலியலை எலும்பைச் சந்திக்கும்போது நிகழ்வது என்ன என்பதை அடிப்படையாகக் கொண்டு இப்பயன்பாடுகளையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மீயொலி, வாய் முக அறுவை மருத்துவம், தாடை எலும்பு, உமிழ்நீர்ச் சுரப்பி, அழுத்தமின் அறுவை, வாய்ப்புற்று.

முன்னுரை

வியன்னாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கார்ல் டூசிக், மண்டையோட்டின் வழியே ஒலியலைகளைச் செலுத்தி மூளையின் உள்ளறைகளைப் படமாக்க முயன்று, அம்முயற்சியை 1942ஆம் ஆண்டு வெளியிட்டார். மருத்துவத்தில் ஒலியைக் கொண்டு உடலுக்குள் காணமுயன்ற தொடக்க முயற்சிகளுள் இது முதன்மையாகக் குறிப்பிடப்படுகிறது. ஆனால் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் செய்யப்பட்ட ஆய்வுகள், அப்படங்களில் தென்பட்ட நிழல்கள் மூளை அறைகளுடையவை அல்ல என்றும், மண்டையோட்டு எலும்பின் சீரற்ற தடிமனால் ஒலி கூடியும் குறைந்தும் தேய்ந்ததன் தடங்களே என்றும் காட்டின. மருத்துவ மீயொலியின் முதல் தோல்வி எலும்பால் நேர்ந்தது எனலாம்.

முகமும் தாடையும் எலும்பும் மென்திசுவும் மில்லிமீட்டர் இடைவெளியில் மாறிமாறி அமைந்த பகுதி. ஆகவே டூசிக் சந்தித்த அதே தடை, வாய், முக அறுவை மருத்துவர் ஒலியைக் கையாளும் ஒவ்வொரு முறையும் முன்னிற்கிறது. சில இடங்களில் அது தடையாகவே நிற்கிறது. சில இடங்களில் அதுவே துணையாகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் ‘மீயொலி நல்லது, கதிர்வீச்சற்றது’ என்று பொதுவில் கூறுவது பயன்தராது.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. ‘மீயொலி’, ‘கேளா ஒலி’, ‘புறவொலி’ எனப் பல சொற்கள் தமிழில் வழங்குகின்றன. ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறக்கும் விமானத்தையும் ‘மீயொலி’ என்று சுட்டும் வழக்கம் உண்டாதலால் ‘கேளா ஒலி’ என்பதே பொருள் தெளிவுடையது என்று வாதிட இடமுண்டு. எனினும் மருத்துவ நூல்களில் ‘மீயொலி’ பெருவழக்காகிவிட்டமையால் அதுவே இங்குப் பயன்படுத்தப்படுகிறது. நோயாளிகளின் வாயில் எல்லாமே ‘ஸ்கேன்’தான்.

எலும்பைச் சந்திக்கும் ஒலி

மனிதச் செவியின் மேல் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேற்பட்ட ஒலி மீயொலி எனப்படும். மென்திசுவில் ஒலி நொடிக்குச் சராசரியாக 1,540 மீட்டர் செல்வதாகக் கொண்டே மருத்துவப் படக்கருவிகள் தொலைவைக் கணக்கிடுகின்றன. 10 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இக்கணக்கின்படி சுமார் 0.15 மில்லிமீட்டர். அலைநீளம் குறையக் குறையப் படத்தின் நுட்பம் கூடும். ஆனால் அதிர்வெண் உயர உயர அலை திசுவில் விரைவாகத் தேய்ந்துபோகும். நுட்பமும் ஆழமும் ஒருங்கே கிடைப்பதில்லை.

முகத்துக்கு இப்பேரம் ஆதாயமானது. தோலிலிருந்து கன்னத்தசை, உமிழ்நீர்ச் சுரப்பி, கழுத்தின் நிணநீர்க் கணுக்கள் ஆகியவை பெரும்பாலும் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அமைந்துவிடுவதால், வயிற்றைப் படமெடுக்கப் பயன்படும் 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் அலையைவிட உயர்ந்த, 7.5 முதல் 15 மெகாஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட அலைகளை இங்குப் பயன்படுத்த இயலும்.

ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குள் ஒலி நுழையும்போது அவற்றின் ஒலித்தடை வேறுபாட்டுக்கு ஏற்ப ஒரு பகுதி திரும்பும். தசைக்கும் கொழுப்புக்கும் இடையே திரும்புவது மிகச் சிறிய பங்கு. அதனால்தான் அலை மேலும் உள்ளே சென்று ஆழத்திலுள்ளவற்றையும் காட்டுகிறது. மென்திசுவுக்கும் கெட்டி எலும்புக்கும் இடையிலோ ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆற்றல் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. நுழைந்த எஞ்சிய அலையும் எலும்புக்குள் விரைந்து தேய்கிறது. எனவே படத்தில் எலும்பின் மேற்பரப்பு ஒளிமிக்க கோடாகவும் அதன் பின்புறம் கரிய நிழலாகவும் தெரியும். காற்றைச் சந்தித்தால் நிலை இன்னும் மோசம்: ஏறக்குறைய முழு ஆற்றலும் திரும்பிவிடும். தோலின்மீது பசைபோன்ற களிம்பைத் தடவுவது தோலுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள மெல்லிய காற்றுப்படலத்தை அகற்றுவதற்காகவே.

சீழா, வீக்கமா?

சொத்தைப்பல்லிலிருந்து பரவும் தொற்றால் கன்னம் வீங்கி வரும் நோயாளியிடம் அறுவை மருத்துவர் முடிவு செய்யவேண்டியது ஒன்றே: உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா, அல்லது திசு முழுவதும் அழற்சியால் பருத்திருக்கிறதா? சீழ் கட்டியிருந்தால் கீறி வடிக்கவேண்டும். அழற்சி மட்டுமாயின் நோய்க்காரணமான பல்லைக் கவனித்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அளித்துக் கண்காணிப்பது போதுமானதாகலாம். விரல்களால் அழுத்தி உள்ளே நீர்மம் தளும்புகிறதா என உணர்வது காலங்காலமான முறை. தோலுக்கு அண்மையிலுள்ள சீழை விரல் அறியும். கடிக்கும் தசைக்கு அடியில், கீழ்த்தாடை எலும்பின்மீது தேங்கிய சீழை விரல் அறிவது அரிது; தடித்த அத்தசை தளும்பலை மறைத்துவிடும்.

இவ்விடத்தில் மீயொலிப் படம் விரலின் குறையை நிரப்புகிறது. சீழ் கரிய குளம்போலத் தெரியும். கருவியால் மெல்ல அழுத்தினால் அதனுள் மிதக்கும் துகள்கள் நகர்வதைக் காணலாம். டாப்ளர் முறையில் பார்த்தால் குளத்தின் ஓரங்களில் குருதியோட்டம் மிகுந்திருக்க, நடுவில் ஓட்டமே இராது. அழற்சி மட்டும் உள்ள திசுவில் இத்தகைய குளம் தெரியாது. கொழுப்பு மடல்களுக்கிடையே நீர்மம் பரவிக் கூழாங்கல் பாவிய தரைபோன்ற தோற்றம் காணப்படும். சீழ் இருக்குமிடத்தைக் கண்டபடியே ஊசியைச் செலுத்தி உறிஞ்சியெடுக்கவும் இயலும்; முகத்தில் பெரிய வெட்டுத் தழும்பு தவிர்க்கப்படும்.

ஆனால் கீழ்த்தாடையின் ஏறுபுயத்துக்கு உட்புறம் சீழ் சென்றுவிட்டால் மீயொலி கைவிட்டுவிடும். எலும்பின் நிழல் அவ்விடம் முழுவதையும் மறைக்கும். தொண்டையை ஒட்டிய ஆழ்இடைவெளிகளும் அவ்வாறே. வாய் திறக்க இயலாமை, விழுங்குவதில் வலி போன்ற அறிகுறிகளுடன் வரும் நோயாளிக்கு மேலோட்டமான மீயொலிப் படத்தில் சீழ் தெரியவில்லை என்பது ஆறுதலாகாது. அவருக்குக் கணினிவழிக் குறுக்குவெட்டுப் படமே உரியது. 1836இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த, நாக்கின் அடித்தளம் முழுவதும் பரவும் கொடிய தொற்றில் எந்தப் படமும் முதலிடம் பெறுவதில்லை. மூச்சுப்பாதையைக் காப்பதே முதற்பணி. அங்கும் மீயொலிக்கு ஒரு சிறிய இடமுண்டு. கழுத்து வீங்கிக் குரல்வளையின் மேடுபள்ளங்கள் விரலுக்குப் புலப்படாதபோது, அவசரத் துளையிடவேண்டிய சவ்வின் இடத்தை முன்கூட்டியே கண்டு தோலில் குறியிட்டுக்கொள்ள அது உதவுகிறது.

நிழலே சான்றாகும் இடம்

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் உண்டாகும் கற்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது கீழ்த்தாடைச் சுரப்பியைச் சார்ந்தவை. அச்சுரப்பியின் நாளம் நீளமானது. உமிழ்நீர் அதில் மேல்நோக்கி ஏறிச்செல்லவேண்டும். அந்நீரும் கன்னச்சுரப்பி நீரைவிடக் குழகுழப்பானது. உண்ணத் தொடங்கியவுடன் தாடைக்குக் கீழ் வீங்கி, சற்று நேரத்தில் வடியும் வீக்கம் இதன் அடையாளம்.

எலும்புக்குப் பின்னால் விழும் நிழல் படமெடுப்பவருக்கு இடையூறு. கல்லுக்குப் பின்னால் விழும் அதே நிழல் நோய்க்குச் சான்று. ஒளிமிக்க சிறு கோடும் அதன் கீழ் நீளும் கரிய பட்டையும் கண்டால் கல் என்று தெளியலாம். சுண்ணாம்புச் செறிவு குறைந்ததால் எக்ஸ் கதிருக்குப் புலப்படாத கற்களையும் மீயொலி காட்டக்கூடும். 2 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் நிழல் தெளிவாக விழாமையால் அவை தப்பிவிடுவதுண்டு. கன்னச்சுரப்பியின் கட்டிகளைப் பொறுத்தவரை, மேல்மடலில் உள்ளவை நன்கு தெரியும். தாடையின் ஏறுபுயத்துக்குப் பின் மறைந்த ஆழ்மடல் தெரியாது. முகநரம்பின் அடித்தண்டும் வழக்கமான படத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. அந்நரம்பின் தளத்தை அருகே செல்லும் தாடைப்பின் சிரையைக்கொண்டு ஊகிப்பர். அறுவைக்கு முன் நோயாளிக்கு முகவாதம் நேரக்கூடிய வாய்ப்பை எடுத்துரைக்க இவ்வூகம் பயன்படுகிறது.

எலும்பின் மேற்பரப்பு மட்டும் போதும் என்ற நிலையில் மீயொலியின் குறை குறையாகவே இருப்பதில்லை. கன்ன எலும்பு வளைவு முறிந்து உள்ளழுந்தும்போது, பொட்டுப்பகுதியில் மயிர்வரிசைக்குள் சிறு வெட்டிட்டு, நெம்புகோலை நுழைத்து எலும்பை மேலெழுப்பும் முறையை கில்லீஸும் அவர்தம் உடன்பணியாளரும் 1927இல் வெளியிட்டனர். இன்றும் இது வழக்கிலுள்ளது. இம்முறையில் மருத்துவர் எலும்பைக் காண்பதில்லை. ‘டக்’ என்ற ஓசையும் விரலின் உணர்வுமே வழிகாட்டிகள். வீங்கிய கன்னத்தில் விரலுணர்வு ஏமாற்றும். ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் 1990இல் வெளியிட்ட பணியில், அறுவை நடக்கும்போதே மீயொலிக் கருவியை வளைவின்மீது வைத்து எலும்பு நேரான நிலைக்கு வந்ததா என்று கண்டறியும் வழியைக் காட்டினர். வளைவின் வெளிப்பரப்பு ஒரு வெண்கோடாகத் தெரிகிறது. முறிவில் கோடு உடைந்திருக்கிறது. எலும்பு எழும்போது கோடு சேர்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியே அங்கு எழவில்லை. மயக்கநிலையிலுள்ள நோயாளியைப் படமெடுக்கும் அறைக்குக் கொண்டுசெல்லவோ, மறுநாள் படத்தில் குறைகண்டு மீண்டும் மயக்கமளிக்கவோ தேவை குறைகிறது.

விழிக்குழியின் அடித்தள முறிவுக்கு இத்தகைய உறுதி இல்லை. மெல்லிய அவ்வெலும்பை விழியின் வழியாகவே காணவேண்டியுள்ளது. ஆழமும் சாய்வும் படத்தைக் குழப்புகின்றன. மேலும் கண்ணின்மீது செலுத்தும் ஒலியின் செறிவுக்குத் தனிவரம்பு உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் ஏனைய உறுப்புகளுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட் வரை ஏற்கும்போது, கண்ணுக்கு 50 மில்லிவாட்டையே வரம்பாகக் கொண்டுள்ளது. கழுத்துக்கான அமைப்பிலேயே கருவியைக் கண்ணின்மீது வைப்பது பிழை.

வாய்ப்புற்றும் கழுத்தும்

புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மிகுந்த இந்தியாவில் மீயொலியின் இப்பயன்பாடு தனிக்கவனத்துக்குரியது. அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பு வகைப்பாடு, கட்டியின் பரப்பளவோடு அது திசுவுக்குள் ஊடுருவிய ஆழத்தையும் நோயின் நிலையைக் கணிக்கும் அளவையாகச் சேர்த்தது. ஆழம் 5 மில்லிமீட்டருக்குள்ளா, 10 மில்லிமீட்டருக்குள்ளா, அதற்கும் மேலா என்பதைப் பொறுத்து நிலை மாறும். நாக்கின்மீது நேரடியாக வைக்கத்தக்க, ஹாக்கி மட்டைபோல் வளைந்த சிறு மீயொலிக் கருவியால் இவ்வாழத்தை அறுவைக்கு முன்பே அளக்க இயலுகிறது. நாக்கு தசையாலானது, நடுவில் எலும்பில்லை. ஒலிக்கு இதைவிட இணக்கமான இடம் வாயில் வேறில்லை. மாறாக, ஈறிலும் கன்னத்தாடைச் சந்திலும் தோன்றும் புற்றில் எலும்பு அரிக்கப்பட்டதா என்பதே முதன்மைக் கேள்வியாதலால் அங்கு மீயொலி ஓரளவே உதவும்.

கழுத்துக் கணுக்களில் மீயொலி வடிவத்தைப் பார்க்கிறது. நலமான கணு அவரைவிதைபோல் நீண்டு, நடுவே கொழுப்புடைய வெண்ணிற வாயிலைக் கொண்டிருக்கும். புற்றுப் பரவிய கணு உருண்டு, வாயில் மறைந்து, சிலபோது நடுவில் அழுகிக் கருமை காட்டும். ஐயமுள்ள கணுவுக்குள் ஊசியைப் பார்த்தபடியே செலுத்தி உயிரணுக்களை எடுத்து ஆராயலாம். ஆயினும் ‘கணு தெரியவில்லை’ என்பதை ‘கணுவில் புற்றில்லை’ என்று படிப்பது ஆபத்தானது. மில்லிமீட்டர் அளவிலும் அதற்குக் கீழும் உள்ள பரவலை எந்தப் படமும் காட்டாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்து 2015இல் வெளியான ஒப்பாய்வில், கழுத்தில் கணு தட்டுப்படாத தொடக்கநிலை வாய்ப்புற்று நோயாளிகளுக்கு முதல் அறுவையிலேயே கழுத்துக் கணுக்களையும் அகற்றியபோது மூன்றாண்டு உயிர்வாழ்வு 80.0 விழுக்காடாகவும், கணு தோன்றும்வரை காத்திருந்து அகற்றியபோது 67.5 விழுக்காடாகவும் இருந்தது. படத்தை நம்பிக் காத்திருப்பதன் விலை இவ்வெண்களில் உள்ளது.

குருதிநாளக் கட்டிகளிலும் டாப்ளர் உயிர்காக்கும் பணியைச் செய்கிறது. மெல்ல ஓடும் சிரைக்கட்டிக்கும் விரைந்தோடும் தமனி–சிரைப் பிறழ்வுக்கும் வெளித்தோற்றம் சிலபோது ஒன்றுபோலிருக்கும். பின்னது தாடைக்குள்ளும் இருந்து, அதை அறியாமல் ஆடும் பல் ஒன்றைப் பிடுங்கினால் குருதிப்பெருக்கு உயிருக்கே உலைவைக்கும். ஐயமுள்ள வீக்கத்தில் கத்தியோ கொறடோ படுமுன் டாப்ளர் படவேண்டும் என்பது இத்துறையில் கண்டிப்பான பாடம். புற்று அகற்றிய தாடையைக் காலின் சிற்றெலும்பு கொண்டு மீட்டமைக்கும்போது, தோலுக்கு வரும் நுண்தமனிகளைக் குறிக்க எழுதுகோல் வடிவிலான 8 மெகாஹெர்ட்ஸ் டாப்ளரும், ஒட்டிய நாளத்தில் ஓட்டம் தொடர்கிறதா எனக் கண்காணிக்க நாளத்தைச் சுற்றிப் பொருத்தும் 20 மெகாஹெர்ட்ஸ் உணர்கருவியும் பயன்படுகின்றன.

அறுக்கும் ஒலி

இதுவரை கூறப்பட்டவை மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகள். எலும்பை அறுக்கும் மீயொலி அதிர்வெண்ணில் அவற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் தாழ்ந்தது: 24 முதல் 29 கிலோஹெர்ட்ஸ். இங்கு அலை திசுவுக்குள் பயணம் செய்து செய்தி கொண்டுவருவதில்லை. உலோக முனையை அதிரச்செய்வதே அதன் வேலை. சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறக்கும் என்று கியூரி உடன்பிறந்தோர் 1880இல் கண்டனர். அவ்விளைவை மாற்றிச் செலுத்தி, மின்சாரத்தால் படிகத்தை அதிரச்செய்து, அவ்வதிர்வை முனைக்குக் கடத்துகின்றனர். முனை 60 முதல் 210 மைக்ரோமீட்டர் வரை முன்னும் பின்னும் நகர்கிறது; ஏறத்தாழ இரண்டு தலைமயிர்த் தடிமனுக்குள் அடங்கும் நகர்வு.

பல் மருத்துவத்துக்கு இவ்வதிர்வு புதிதன்று. 1953இல் மீயொலியால் பல்லைக் குடையும் முயற்சி அறிவிக்கப்பட்டது. 1957இல் வந்த காற்றுச்சுழலித் துளைப்பான் அதனை எளிதாக வென்றது. ஆயினும் பல்லின்மீது படிந்த காரையை நீக்கும் கருவியாக மீயொலி நிலைத்தது. இன்று ஊர்தோறும் ‘பல் க்ளீனிங்’ செய்யும் கருவி அதன் வழித்தோன்றலே. எலும்பை அறுக்கும் எண்ணம் 1970களின் விலங்கு ஆய்வுகளில் தலைகாட்டி, இத்தாலிய அறுவை மருத்துவர் தொமாசோ வெர்செல்லோத்தி 1988 முதல் மேற்கொண்ட பணிகளால் மருத்துவமனைக்கு வந்தது.

இக்கருவியின் சிறப்பு எதை அறுக்காது என்பதில் இருக்கிறது. கெட்டியான எலும்பு, முனையின் நுண்ணதிர்வுக்கு வளைந்துகொடுக்க இயலாமல் சிதறுகிறது. நரம்பும் சவ்வும் குருதிநாளமும் மீள்தன்மையுடையவை. இந்த அதிர்வெண்ணில் முனையோடு சேர்ந்தே அசைந்து தப்புகின்றன. அவற்றை அறுக்க 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வு வேண்டும். பயிற்சி வகுப்புகளில் பச்சை முட்டையின் ஓட்டைச் சன்னலாக வெட்டி, உட்சவ்வு கிழியாமல் எடுக்கச் சொல்வர். சுழலும் துளைப்பானால் பெரும்பாலார்க்குக் கைகூடாத இது, மீயொலி முனையால் தொடக்கநிலை மாணவருக்கும் கைகூடும். அதே செயல் மேல்தாடைச் சைனஸ் சவ்வை உயர்த்திப் பல் பதியம் வைக்க இடமமைக்கும் அறுவையில் நிகழ்கிறது. வெர்செல்லோத்தி குழுவினர் 2001இல் வெளியிட்ட 21 அறுவைகளில் ஒன்றில் மட்டுமே சவ்வு கிழிந்தது. பின்னர் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் அனைத்தும் இத்தகைய மேம்பாட்டைக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். தேர்ந்த கையில் பழைய துளைப்பானும் சவ்வைக் காக்கிறது.

கீழ்த்தாடை ஞானப்பல்லை அகற்றுவதில் இவ்வேறுபாடு நோயாளியின் வாழ்வைத் தொடுகிறது. பல்லின் வேரை ஒட்டிச் செல்லும் நரம்பு காயப்பட்டால் கீழுதட்டிலும் முகவாயிலும் உணர்வு மரத்துப்போகும். காப்பி சுடுவதும் உதட்டோரம் சோறு ஒட்டியிருப்பதும் தெரியாது. மீயொலி அறுவையில் வீக்கமும் வாய்த்திறப்புக் குறைவும் வலியும் குறைவு என்றும், அறுவைக்கான நேரம் கூடுகிறது என்றும் தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. தாடையைப் பிளந்து நகர்த்திச் சீரமைக்கும் அறுவைகளிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான்.

நேரம் கூடுவதன் உண்மையான இடர் பொறுமையின்மை. துளைப்பானால் பழகிய கை, அறுப்பது மெதுவானால் அழுத்தும். மீயொலி முனையை அழுத்தினால் அதிர்வு அடங்கி, ஆற்றல் வெப்பமாக மாறும். எலும்பு 47 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் மீளாக்கம் கெடும் என்பதை எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983இல் காட்டினர். இடையறாது பாயும் குளிர்ந்த உப்புநீரும், இறகுபோல் தொட்டு இழுக்கும் கையும் இக்கருவிக்கு இன்றியமையாதவை. ‘மென்திசுவை அறுக்காது’ என்ற விளம்பரச் சொல்லை அப்படியே ஏற்று நரம்பின்மீது முனையை அழுத்துபவர், அறுக்காமலே அதைச் சுட்டுவிடலாம்.

அறுப்பதற்கு மாறாகப் பிணைப்பதற்கும் இவ்வதிர்வு பயன்படுகிறது. உடலில் கரையக்கூடிய பாலிலாக்டைடு ஊசியை எலும்பில் இட்ட துளைக்குள் வைத்து மீயொலியால் அதிர்த்தால், அதன் மேற்பரப்பு உருகி எலும்பின் நுண்துளைகளுக்குள் பாய்ந்து இறுகும். வளரும் குழந்தைகளின் மண்டையோட்டுச் சீரமைப்பில், பின்னாளில் அகற்றவேண்டிய டைட்டானியத் தகடுகளுக்கு மாற்றாக இம்முறை கையாளப்படுகிறது.

ஆற்றும் ஒலி: சான்றின் வலிமை

செறிவு குறைந்த துடிப்பு மீயொலி முறிந்த எலும்பை விரைந்து கூட்டும் என்ற கருத்து 1990களில் வலுப்பெற்றது. 1.5 மெகாஹெர்ட்ஸ் அலையை, சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட் செறிவில், நாளொன்றுக்கு 20 நிமிடம் செலுத்துவது இதன் நடைமுறை. 1994இல் சிலவகைப் புதிய முறிவுகளுக்கு அமெரிக்காவில் ஒப்புதலும் கிடைத்தது. அளவிடும் முறைகள் வேறாயினும், நோயறியும் படத்துக்கு ஏற்கப்பட்ட உச்சவரம்பைவிடப் பன்மடங்கு குறைந்த செறிவு இது என்பது சிந்திக்கத்தக்கது.

2016இல் வெளியான பெரிய ஒப்பாய்வு ஒன்று, முழங்கால் கீழெலும்பு முறிந்து அறுவை செய்யப்பட்ட 501 நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு உண்மைக் கருவியையும் ஏனையோர்க்குச் செயற்படாத போலிக் கருவியையும் அளித்தது. எலும்பு கூடும் வேகத்திலோ, நோயாளி இயல்புநிலைக்குத் திரும்புவதிலோ வேறுபாடு காணப்படவில்லை. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான வழிகாட்டுநெறி, முறிவுகளுக்கு இச்சிகிச்சை வேண்டாம் என உறுதியாகப் பரிந்துரைத்தது.

தாடைக்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்துமா என்பது நியாயமான வினா. கதிர்ச்சிகிச்சைக்குப் பின் தாடை எலும்பு செத்துப்போகும் கொடிய நிலைக்கு மீயொலியைப் பயன்படுத்தி லண்டனில் மால்கம் ஹாரிஸ் 1992இல் வெளியிட்ட முடிவுகள் நம்பிக்கை ஊட்டின. அங்குப் பயன்பட்டது 3 மெகாஹெர்ட்ஸ், செறிவும் பன்மடங்கு அதிகம். ஆயினும் ஒப்பிடுவதற்குரிய மறுகுழு அதில் இல்லை. தாடை எலும்பு நீட்சி, முறிவு ஆகியவற்றில் நடந்த ஆய்வுகள் சிறியவை; முடிவுகள் ஒன்றோடொன்று இசையவில்லை. நீண்ட எலும்பில் தோற்ற ஒன்றைத் தாடையில் வென்றதாகக் கொள்ள, அதே தரத்திலான ஒப்பாய்வு தேவை. அதுவரை இச்சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் பெறுவதற்குரிய அடிப்படை வலுவற்றது. கலத்தில் வளர்த்த எலும்பணுக்கள் ஒலியால் பெருகின என்னும் ஆய்வகச் செய்திகள் அவ்வடிப்படையாகா.

இந்தியச் சட்டச்சூழல்

படமெடுக்கும் மீயொலி இந்தியப் பல் மருத்துவமனைகளுக்குள் எளிதாக நுழையாததற்கு மருத்துவம் சாராத காரணம் ஒன்றுண்டு. பெண் கருக்கொலையைத் தடுக்க 1994இல் இயற்றப்பட்டு, 2003 முதல் விரிவாக்கப்பட்டு நடைமுறையிலுள்ள கருத்தரிப்புக்கு முந்தைய, பேறுகாலத்துக்கு முந்தைய நோயறி நுட்பங்கள் சட்டம், கருவின் பாலினத்தைக் காட்டும் ஆற்றலுள்ள எந்தக் கருவியையும் பதிவுபெறாதவர்க்கு விற்பதைத் தடைசெய்கிறது. 15 மெகாஹெர்ட்ஸ் கழுத்துக் கருவியால் வயிற்றின் ஆழத்திலுள்ள கருவைத் தெளிவாகக் காண இயலாது. ஆனால் அதே பெட்டியில் வேறு அலைகருவியைச் செருகினால் இயலும். சட்டம் பெட்டியின் ஆற்றலைப் பார்க்கிறது. அதன் நோக்கத்தையோ தேவையையோ குறைகூற இடமில்லை. இச்சட்டத்தின் வரம்புக்குள் வராத, எலும்பறுக்கும் மீயொலிக் கருவியைப் பல் மருத்துவர் தடையின்றி வாங்கலாம்.

இதன் விளைவு நடைமுறையில் தெரிகிறது. வீங்கிய கன்னத்தோடு வரும் நோயாளியைத் தாடை மருத்துவர் கதிரியல் துறைக்கு அனுப்புகிறார். படம் அங்கே, கத்தி இங்கே. மீயொலிப் படம் கருவியை அசைத்து, அழுத்தி, கோணம் மாற்றிப் பார்க்கும் கணத்திலேயே பொருள் தருவது. தாளில் அச்சிட்ட ஒற்றைப்படமாக மாறும்போது அதன் பாதிச் செய்தி இழக்கப்படுகிறது. கன்ன எலும்பு வளைவை நிமிர்த்தும்போது அறுவை அறைக்குள் தேவைப்படும் படம் அறிக்கையாக வந்து பயனில்லை. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த நிறுவனங்களில், பதிவுபெற்ற கருவியுடன் கதிரியல் மருத்துவர் அறுவை அறைக்கே வருவது நடைமுறைக்கு உகந்த வழி. அதற்குப் பதிவில் கருவியை இடம் மாற்றிப் பயன்படுத்த இசைவு இருக்கவேண்டும்; அறுவைப் பட்டியலைத் தீர்மானிக்கும்போதே இரு துறையினரும் கலந்துபேசவும் வேண்டும். தனித்து இயங்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் இவ்வழியும் அடைபட்டே இருக்கிறது. அங்குப் பயிலும் முதுநிலை மாணவர் மீயொலியால் எலும்பை அறுக்கப் பழகுகிறார், மீயொலியால் சீழைக் காணப் பழகுவதில்லை.